அம்மா கால் வைக்காத பர்கர் கடை

என் தங்கை அந்தக் கடையை எனக்குக் காட்ட அழைத்துப் போன அன்று, நான் செய்த முதல் காரியம் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கியதுதான். கிள்ளானில் பழைய கடை வரிசைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று ஓடும். அஞ்சடி என்போம். வெயிலும் படாமல் மழையும் படாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மூலைக்கடைக்கு முந்திய தையல் கடை வந்ததும் என் கால் தானாகப் படியிறங்கியது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனை அழுத்தி, என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

"என்னாக்கா, எங்க போற? கட இங்க இருக்கு!" என்று தங்கை அஞ்சடியிலிருந்து கத்தினாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த மூலைக்கடைக்கு முன்னால் நான் வாழ்நாளில் நடந்ததே இல்லை. நான் மட்டுமல்ல, எங்கள் வட்டாரத் தமிழ்ப் பெண்கள் யாருமே நடப்பதில்லை. தையல் கடையோடு இறங்கி, ரோட்டோரமாகவே மூலையைச் சுற்றிப் போய்விடுவோம். அம்மாக்கள் இறங்கினார்கள், நாங்கள் இறங்கினோம், இப்போது எங்கள் பெண்கள் இறங்குகிறார்கள். என் மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இறங்குவாள். ஏன் என்று கேட்டால் இளசுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். என் சிறுவயதில் அந்தக் கடையின் முன்பக்கம் சைக்கிள் ரிப்பேர் நடந்தது. டியூபும் பிசினும் மணக்கிற அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்பில் ஒரு கதவு, கதவுக்கு ஓர் அழுக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் சம்சு விற்றார்கள். லைசென்ஸ் எதுவும் இல்லாமல் எங்கேயோ காய்ச்சி, தகர டின்னில் வந்து இறங்குகிற மலிவுச் சாராயம். கஸ்டம்ஸ்காரர்கள் அவ்வப்போது சோதனைக்கு வருவார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் கடைக்காரர் பக்தியோடு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். சொந்தமாகச் சைக்கிளே இல்லாத ஆண்கள் எல்லாம் வாரக் கடைசியானால் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

எங்கள் அப்பா அவர்களில் ஒருவர். காப்பார் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை, பாடுகிற ஆள். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவார். அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கலாம், இந்தப் பாட்டை என்ன செய்து மறைப்பது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மழைமரத்தடியில் வந்து நிற்பாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் நான், இடுப்பில் தங்கை. கடைக்குள் போகிற ஆண்களில் முகம் தெரிந்தவராகப் பார்த்து, "அண்ணே, எங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்கண்ணே" என்பாள். அவரும் பெரிய மனுசத்தனமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். திரையைத் தாண்டியதும் மறந்துவிடுவார். அடுத்தவர் வரும்வரை நாங்கள் நிற்போம். அம்மா ஒருநாளும் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கம் இல்லை. பெயரில்லாமல் வேறு எதைச் சொல்லி நடுரோட்டில் கூவுவாள்? ஊர் சிரித்துவிடும். அந்தப் படியில் ஏறுவதைப் பற்றியோ நினைத்தும் பார்க்கமாட்டாள். மானமுள்ள பெண் அங்கே நிழல்கூட விழ விடக்கூடாது என்பது அந்த வட்டாரத்தின் எழுதாத சட்டம்.

கடைசியில் அப்பா வெளியே வருவார். வரும்போது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். உள்ளே தொட்டுக்கொள்ள விற்கிற நெத்திலியும் கடலையும், மிளகாய் போட்டு வறுத்தது. அதை நேராகத் தங்கையின் கையில் கொடுப்பார். அவள் அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டே மூக்கு ஒழுக ஒழுகத் தின்பாள். ஆக, அந்த இடம் என்றால் தங்கைக்கு நெத்திலி நினைவு. எனக்கு நின்று நின்று கால் வலித்தது மட்டும்தான் நினைவு. அம்மாவுக்கு என்ன நினைவு என்பதை நாங்கள் கேட்டதில்லை.

பிறகு சைக்கிள்காரருக்கு வயதாகிக் கடையை மூடினார். சம்சுவும் அவரோடு போயிற்று. அப்பா கொஞ்ச நாள் வழி தெரியாதவர் மாதிரி திரிந்துவிட்டு, தேநீருக்கு மாறினார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவரும் இறந்து பல வருடமாகிறது. கடையில் கைப்பேசி விற்றார்கள், பிறகு அதுவும் நொடித்து இரும்புக் கதவு இறங்கியே கிடந்தது. அதைத்தான் என் தங்கை வாடகைக்குப் பிடித்தாள்.

தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சமையலைக் கட்டிக்கொண்டவள். கோலாலம்பூரில் ஹோட்டல் சமையலறைகளில் வெந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கஃபேயின் அடுப்படியைத் தனியாளாக நடத்தியவள். அடுத்தவன் கடைக்கு உழைத்தது போதும், கிள்ளானிலேயே சொந்தமாகப் பர்கர் கடை போடுகிறேன் என்று வந்து நின்றாள்.

"ஏன்டி பர்கரு? தோசக் கட வச்சா ஆவாதா?" என்றேன்.

"தோச சுட்டா எல்லாரும் அவங்கவங்க அம்மா சுட்டதோட வச்சுப் பாப்பாங்கக்கா. பர்கர யாரு அம்மாவும் சுட்டதில்ல."

என் வாய்க்கு ஈடு கொடுக்க அவளால்தான் முடியும். துறைமுகத்துக் கப்பல் சரக்கு ஏஜெண்டு ஆபீசில் ஆயுள் பூராவும் வேலை பார்த்தவள் நான். லோரி டிரைவர்களோடு வாயாடி வாயாடி நாக்கு அப்படியாகிவிட்டது.

கடைக்குப் பெயர்ப்பலகையும் உள்ளலங்காரமும் செய்ய வந்த இளைஞர் கொண்டை போட்டிருந்தார். பழைய கதையைக் கேட்டதும் அவர் கண் விரிந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மதுவைத் தடை செய்தார்களாம். அப்போது சாதாரணக் கடைகளுக்குப் பின்னால் ரகசியக் கதவு வைத்துக் குடித்தார்களாம். அந்தக் கடைகளில் சில இன்றைக்குப் பர்கர் கடையாக நடக்கின்றனவாம். ஸ்பீக்கீசி என்று பெயராம். கோலாலம்பூரில் இப்போது அதுதான் மோஸ்தராம், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே பார் இருக்குமாம்.

"அவங்க எல்லாம் டூப்ளிகேட் ஆன்டி. ஒங்களுது ஒரிஜினல்! அந்தப் பலகையும் கதவும் அப்பிடியே இருக்கட்டும். செவுத்துல கோட்டு சூட்டு போட்ட ஆளுங்க படம் மாட்டுவோம்."

"தம்பி, இங்க குடிச்சவங்க யாரும் கோட்டு போடல. பாதிப் பேரு சட்டையே போடல" என்றேன்.

தங்கை சிரித்துவிட்டு, பலகைத் தடுப்பை முதல் வேலையாக இடித்துத் தள்ளினாள். அந்த வரிசையில் மூலைக்கடைக்கு மட்டும் பின்சந்து சாய்வாக வெட்டுவதால் நீளம் குறைவு. தடுப்பு போனதும் பின்வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வெளிச்சம் பாய்ந்தது. முன்னால் அடுப்பும் கல்லாவும், பின்னறையில் சில மேசைகள் என்று ஏற்பாடு. மாடு இல்லை, பன்றி இல்லை, பீர் இல்லை. அப்போதுதான் எல்லா இனத்தாரும் கூசாமல் வருவார்கள் என்று சொல்லிவிட்டாள். கொண்டைக்காரருக்குத் துக்கம். ஆனாலும் பழைய சம்சுக் கடையின் கதையைச் சுவரில் மூன்று மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எல்லாம் சரி. அம்மாவிடம் யார் சொல்வது? அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது தங்கை வந்து காலடியில் உட்கார்ந்து, கடை பிடித்திருக்கிறேன் என்றாள்.

"எந்தக் கட?"

"மூலக்கடம்மா. சைக்கிள் கட இருந்துச்சே."

அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள். எங்கள் வீட்டில் தொடர் பாதியில் அணைந்தது அன்று ஒருநாள்தான்.

"நாட்டுல வேற கடையே இல்லியா? செலாயாங்ல இல்ல? டெங்கில்ல இல்ல? அந்த எழவுதான் கெடச்சுச்சா ஒனக்கு?"

"வாடக கம்மிம்மா. எடமும்..."

"நடத்து. நல்லா நடத்து. நானா கெட்டுப் போன்னு சொல்லுவேன்? ஆனா அந்தப் படியில நான் கால் வைக்க மாட்டேன்."

தங்கை கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளைக் கார்வரை கொண்டுபோய் விடப் போனேன். அவள் உருகுகிற ஜாதி இல்லை. வெட்டிய விரலைக் கட்டிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுக்கிறவள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எத்தன வருசம் யாரு யாருக்கோ ஆக்கிப் போட்டேன். அம்மா வந்து ஒக்காந்து, நான் சுட்டத சாப்புடலைனா எனக்கு அது கடையே இல்லக்கா." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டாள். எனக்கு அம்மா மேல் கோபமும், இவள் மேல் பாவமும், வேறு கடையே கிடைக்காத கிள்ளான் மேல் எரிச்சலுமாக வந்தது.

கடை திறந்தாள். ஓடியது. ஆட்டுக்கறியை மசாலாவோடு சுண்டப் பிரட்டி, அந்தப் பிரட்டலை நசுக்கி, பன்னுக்குள் வைத்து, ரோட்டோரத்து மலாய்க்காரர்கள் செய்கிற மாதிரி முட்டையில் சுற்றிக் கொடுத்தாள். ஆபீஸ் பிள்ளைகள் வந்தார்கள், மலாய்க் குடும்பங்கள் வந்தன, சீனப் பெரியவர்கள் பன்னை எடுத்துவிட்டுப் பிரட்டலை மட்டும் தின்றார்கள். கைப்பேசியைத் தூக்கிச் சுவர்க் கதையைப் படம் பிடித்தார்கள். எங்கள் பெண்கள் மட்டும் தையல் கடையோடு இறங்குவதை நிறுத்தவில்லை. பர்கர் வேண்டும், படி வேண்டாம். ரோட்டில் நின்றபடி, "அக்கா, ரெண்டு ஸ்பெஷல், தாப்பாவ்!" என்று பார்சல் கேட்டுக் கத்துவார்கள். தங்கை ஓடிவந்து பொட்டலத்தை அஞ்சடியிலிருந்து குனிந்து நீட்டுவாள். தேர் நிற்கும்போது அர்ச்சனைத் தட்டு வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிப் போவார்கள். கேட்டால், "ஒங்கம்மாவே ஏறல, நாங்க எப்பிடி ஏறுறது?" என்பார்கள். எப்படி இருக்கிறது கதை!

அம்மாவோ, கடையின் பூஜைக்கு வரவில்லையே தவிர, விளக்கைத் துலக்கிக் கொடுத்து, எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று ஆணையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் நான் பிற்பகலில் கல்லாவில் உட்காரப் போவேன். திரும்பி வந்ததும் விசாரணை தொடங்கும். கூட்டம் இருந்ததா, வெங்காயம் எந்தப் பாசாரில் வாங்குகிறாள், மேசையை யார் துடைக்கிறார்கள், ஈ இருக்கிறதா. தங்கை அம்மாவுக்கென்று தினமும் ஒரு பர்கர் கொடுத்து விடுவாள். அம்மா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்ப்பாள். "நல்லாத்தான் மணக்குது" என்பாள். அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிடுவாள். அவர் மறுப்பு சொல்லுகிற மனிதர் இல்லை. கால்சட்டையெல்லாம் தளர்த்தித் தைக்க வேண்டி வந்தது.

எனக்குப் பொறுமை மட்டு. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சைக்கிள்காரன் போய்ட்டான், அப்பா போய்ட்டாரு, சம்சுவும் போச்சு. நீ மட்டும் ஏன்மா இன்னும் அந்த மரத்தடியிலயே நிக்குற?"

"நின்னவளுக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

நானும்தானே நின்றேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தங்கையும் எடுக்கவில்லை. ஆனால் பின்னறையின் ஓரத்து மேசையை எவ்வளவு கூட்டம் இருந்தாலும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். காத்திருக்கிற கூட்டம் அதைப் பார்த்து முறைக்கும். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

இந்த நிலையில்தான் துண்டு விவகாரம் வந்தது. அடுப்படிக்கு அவள் வாங்கிய வெள்ளைத் துண்டெல்லாம் பிரட்டல் கறை ஏறிப் பார்க்கச் சகிக்காமல் போயின. கறை தெரியாமல் இருக்கட்டும் என்று பாசாரில் ஒரு கட்டு சிவப்புத் துண்டு வாங்கி வந்தாள். சாயம் போகும் என்று முதலில் அலசி, ஒன்றைப் பின்சந்துக் கம்பியில் தொங்கவிட்டாள். இடமில்லாததால் மற்றவை வாளியிலேயே கிடந்தன. நல்ல வெயில். பிற்பகல் கூட்டம் ஓய்ந்து நான் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பின்வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அப்பாவோடு லோரி ஓட்டிய, காப்பாரில் இருக்கும் அங்கிள் ஒருவர் இறங்கினார். சந்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கதவை விரல் கணுவால் மெல்லத் தட்டிவிட்டு, திறந்துதானே கிடந்தது, உள்ளே வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் கைத்தடியோடு இன்னொருவர். அவருக்குப் பின்னால் மூன்றாமவர், மருத்துவமனை அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

தங்கை போய், "அங்கிள், என்னா சாப்புடுறீங்க?" என்றாள்.

காப்பார் அங்கிள் குரலைத் தாழ்த்தி, "எப்பவும் உள்ளதுதான்" என்றார்.

"எப்பவும் உள்ளதா? மெனு இருக்கு அங்கிள், தரவா?"

"மெனுவெல்லாம் போட்டுட்டாங்களாடா!" என்று கைத்தடிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பின்சந்தில் ஒற்றைச் சிவப்புத் துண்டு. சரக்கு இறங்கிவிட்டது, கஸ்டம்ஸ் நடமாட்டம் இல்லை, வரலாம் என்பதற்கு அந்தக் காலத்தில் அதுதான் அடையாளம். ரகசியம் என்று பெயர்தானே ஒழிய, எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தங்கைக்குத்தான் தெரியாது, அவள் அப்போது இடுப்புக் குழந்தை. ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஃப்ரிட்ஜைப் பிடித்துச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் போய் மூவரிடமும் விஷயத்தைச் சொன்னாள்.

"வேற எங்கயாச்சும் தொங்குனா துணின்னு போயிருப்பேன் பாப்பா. இங்க தொங்குதே!" என்றார் காப்பார் அங்கிள். "நான் குடிக்கல்லாம் வரல. தொறந்துட்டாங்களான்னு சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"நானும் பாக்கத்தான்" என்றார் கைத்தடிக்காரர். "நானும்" என்றார் மருத்துவமனை அட்டை.

தங்கை மூவருக்கும் ஆட்டு பர்கரும் பெரிய கிளாசில் லைம் ஜூஸும் வைத்தாள். கைத்தடிக்காரர் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரண்டியால் தின்றார். காப்பார் அங்கிள் லைமை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, வாழ்க்கை எங்கே வந்து நிற்கிறது என்பது போலக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். மூவர் வாயும் நிரம்பியிருந்த அந்த நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"தையக்கட அக்கா போன் போட்டு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்க. பின்னால செவப்புத் துண்டு தொங்குதாம், கெழவனுங்க உள்ள போறானுங்களாம். ஒங்கம்மா கெளம்பிட்டாங்க. கொடய எடுத்துட்டாங்க."

"மழ இல்லியே."

"அதான் சொல்றேன், மழ இல்ல! காருல என் பக்கத்துலதான் இருக்காங்க. செவப்பு லைட்டுல நிக்காதன்றாங்க."

தங்கையிடம் சொல்வதற்குள் பின்சந்தில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா நேராகக் கம்பிக்குப் போய்த் துண்டை உருவினாள். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் குடை. பின்வாசலில் நிற்கவில்லை, தயங்கவில்லை. காலம் பூராவும் மிதிக்காத வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். வந்துவிட்டது அவளுக்கே தெரியாது. அவ்வளவு கோபம்.

"வெக்கமா இல்ல ஒங்களுக்கு? பேரன் பேத்தி எடுத்தாச்சு! ஒருத்தனுக்குப் பல்லு இல்ல, ஒருத்தனுக்குக் கிட்னி இல்ல! அன்னிக்கு என் குடிய கெடுத்தது பத்தாதா? எம் பொண்ணு கடயையும் கெடுக்க வந்துட்டீங்களா?"

மூவரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி எழுந்து நின்றார்கள். மருத்துவமனை அட்டையின் மீசையில் மயோனிஸ்.

"அண்ணி, இது பர்கரு அண்ணி" என்றார் காப்பார் அங்கிள். அவர் அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"கிளாசுல?"

"லைமு."

அம்மா கிளாசை எடுத்து மோந்தாள். நம்பவில்லை. அடுத்ததையும் மோந்தாள், மூன்றாவதையும் மோந்தாள்.

"வெறும் லைமுதான் அண்ணி" என்றார் அவர், மனசார வருந்தி.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தங்கை சிரிக்கவில்லை. அவள் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்போடு, பின்னறையின் நடுவில் நின்ற கால்.

மூன்றாவது கிளாசை வைத்த பிறகுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். இந்தப் பக்கத்துச் சுவர், அந்தப் பக்கத்துச் சுவர். மேசைகளுக்கு மேலாக அடுப்பைத் தாண்டி, கல்லாவைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் பார்த்தாள். எதிரே அந்த மழைமரம் நின்றது, அதன் அடியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள்.

"இந்த ரூமுதானா?" என்றாள்.

"இதான் அண்ணி. அப்ப இன்னும் சின்னது. டின்னுங்க வேற அடுக்கியிருக்கும்."

"இதுக்கப்புறம் வேற எடம் இல்லியா?"

"இல்ல அண்ணி. இவ்ளோதான்."

"இவ்ளோதானா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் உள்ள எவ்ளோ தூரம் போவணுமோன்னு நெனச்சிட்டிருந்தேன். கதவுக்குள்ள கதவு இருக்கும், பெரிய எடமா இருக்கும், அந்த மனுசன் எங்கயோ உள்ளாற இருக்காருன்னு..." கையை மரத்தின் பக்கம் நீட்டினாள். நீட்டிய கையிலிருந்து சிவப்புத் துண்டு தொங்கியது. "அங்கேர்ந்து ஒரு தடவ சத்தம் போட்டுக் கூப்ட்டிருந்தா கேட்டிருக்குமே."

எத்தனை சனிக்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் கால் வலியை மட்டுமே நினைத்துக்கொண்டு, அவள் கண்ணுக்குள் இந்த ஓட்டை அறை எவ்வளவு பெரிய கோட்டையாக நின்றது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

காப்பார் அங்கிள்தான் வாயைத் திறந்தார்.

"கேட்டிருக்கும் அண்ணி. நல்லாவே கேட்டிருக்கும். ஓடி வந்திருப்பாரு. நீங்க அங்க நிக்கிறீங்கன்னு யாராச்சும் ஞாபகமா சொன்னாலே கிளாச அப்பிடியே வச்சிட்டு எந்திரிச்சிருவாரு. சொல்ல மறந்தவங்க நாங்கதான்."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். குடை எந்த நேரமும் உயரலாம் என்று நினைத்தேன்.

"இங்கயும் பாடுவாரா?" என்று கேட்டாள்.

"இங்கயா? மூச்சு விடமாட்டாரு. பாட்டெல்லாம் ஒங்களுக்குத்தான்."

அம்மா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூன்று கிழவர்களும் தைரியம் வந்து சிரித்தார்கள். பின்வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்து, ஓரத்தில் காலியாகக் கிடந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். அது யாருக்காக வைத்த மேசை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. குடையைச் சுவரில் சாய்த்தாள், துண்டை மடித்து மேசைமேல் வைத்தாள்.

தங்கை விறுவிறுவென்று அடுப்புக்குப் போனாள். அவள் பர்கர் சுட்டு ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், ஒரு முட்டையைக்கூடத் தவறவிட்டதில்லை. அன்றைக்கு முட்டை ஒன்று கீழே விழுந்து உடைந்தது. இன்னொன்றை உடைத்து ஊற்றி, பிரட்டலைச் சுற்றி, பன்னில் வைத்து, தட்டில் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். நின்று பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. முன்னால் ஒரு மலாய்க் குடும்பம் வந்து காத்திருந்தது. மனசில்லாமல் போனாள்.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு உயரத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, முன்பக்கம் பார்த்து, தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாதாரணமாக இல்லை, கத்தினாள். எங்கள் அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. தையல் கடை அக்கா அஞ்சடியில் ஓடிவந்து, தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து எட்டிப் பார்த்தாள்.

"வரேம்மா!" என்று தங்கை கையில் கரண்டியோடு பறந்து வந்தாள். "என்னாம்மா? என்னா வேணும்? காரமா? தண்ணி வேணுமா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. "சும்மா கூப்ட்டுப் பாத்தேன்."

பர்கரை இரண்டு கையாலும் தூக்கி ஒரு கடி கடித்தாள்.